தொட்டுப் பார்க்கத் திருக்கை வளர்க்கலாமா?

கேள்வி: பாசிக்குடாவுக்குக் கிட்ட எனக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. இறால் குஞ்சு விடக் கட்டிய வட்டச் சீமெந்துத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. கரைவலையில் உயிரோடு ஏறும் திருக்கைகளை வாங்கி அதில் விட்டு, சுற்றுலா வரும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வைக்கலாம் என்று யோசிக்கிறேன். வெளிநாடுகளில் செய்வதை வீடியோவில் பார்த்தேன். முள்ளை வெட்டிவிட்டால் ஆபத்து இல்லைத்தானே? வாவித் தண்ணியே காணுமா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: தம்பி, முள்ளுக்குப் பிறகு வருவோம். இப்படியான தொட்டிகளில் கூட்டமாகச் சாவு விழுவதற்கு மூச்சுத் திணறல் ஒரு முக்கிய காரணம். அமெரிக்காவில் சிக்காகோவுக்குப் பக்கத்தில் உள்ள புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில் 2015 ஜூலையில், தொடுதொட்டியில் இருந்த 54 திருக்கைகளும் செத்துப்போயின. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் அமைப்பில் வந்த கோளாறால் ஒட்சிசன் இறங்கியதுதான் காரணம். கனடாவின் கால்கரி மிருகக்காட்சிசாலையிலும் 2008 இல் ஒட்சிசன் குறைந்ததால் 40க்கு மேல் போயின. பயிற்சி பெற்ற ஆட்களும் மிருகவைத்தியரும் இருக்கிற இடங்கள் அவை.

நம் பக்கத்து வெயிலில் இது இன்னும் இறுக்கம். 30 பாகை சூட்டில், கடல் உப்பு உள்ள தண்ணீர் நிறையப் பிடித்தாலும் லீட்டருக்கு 6 மில்லிகிராம் அளவு ஒட்சிசன்தான் பிடிக்கும். ஐந்துக்குக் கீழே விடக்கூடாது என்று வைத்தால், உங்கள் கையிருப்பு ஒரே ஒரு மில்லிகிராம். கரண்ட் போய்ப் பம்பி நின்றால் ஜெனரேட்டரைத் தேடி ஓட நேரம் இருக்காது. ஆகவே பற்றரியில் தானாக ஓடத் தொடங்கும் காற்றுப் பம்பி ஒன்று, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர், இரவில் தொட்டியடியில் படுக்க ஒரு ஆள். இந்த மூன்றுக்கும் காசு ஒதுக்க முடியாவிட்டால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். தொட்டிக்கு மேலே கூரையும் வேண்டும். ஆழமில்லாத தண்ணீர் பகலில் கெதியாகச் சூடேறும்.

வாவித் தண்ணீர் காணுமா என்றால், காணாது. சித்திரையில் அள்ளிப் பார்த்தால் நல்ல உப்பாகத்தான் இருக்கும். மாரி தொடங்கி ஆறுகள் பெருகினால் அதே வாவி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். முகத்துவாரம் வெட்டினால் மறுபடி மாறும். சில வகைத் திருக்கை வாவிக்குள் ஏறி இறங்குவது உண்மைதான், ஆனால் அது தன் பாட்டுக்கு இடம் மாறிக்கொள்ளும், தொட்டியில் கிடப்பது எங்கே போகும்? திருக்கையின் இரத்தத்தில் யூரியா அதிகம். வெளித்தண்ணீரில் உப்புத் திடீரென்று குறைந்தால் உடம்புக்குள் தண்ணீர் ஏறி அவதிப்படும். கடல் தண்ணீரையே இறையுங்கள். உப்பு 30 முதல் 35 பி.பி.டி.க்குள் (ஆயிரம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு உப்பு) ஒரே சீராக நிற்கட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் வற்றி உப்புக் கூடும், அப்போது கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் முதலில் குளோரினைப் போக்க வேண்டும்.

இறால் வளர்த்த கை என்பதால் இதையும் சொல்கிறேன். செப்புக் கலந்த மருந்து எதுவும் அந்தத் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) மீனின் ஒட்டுண்ணிக்கு நல்ல மருந்து, சுறாவுக்கும் திருக்கைக்கும் அது நஞ்சு. செப்புக் குழாய், துருப்பிடித்த இரும்பு, கரண்ட் கசிகிற பம்பி ஆகியவையும் வேண்டாம். மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட முகத்தால் உணர்கிற பிராணி அது. பிள்ளைகள் கைவிடுகிற தண்ணீர் என்பதால் கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஆளி எப்படியும் போடத்தான் வேண்டும்.

தொட்டி வட்டமாக இருப்பது நல்லது, மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்காது. வெறும் சீமெந்துத் தரை வயிற்றைத் தேய்த்துப் புண்ணாக்கும், அதனால் கழுவிய மெல்லிய கடல் மணல் போடுங்கள். வடிகட்டியில் நல்ல பக்டீரியா பிடிக்க 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை நாலு சின்ன மீனை விட்டு ஓட்டி, மீன் கழிவில் வரும் நஞ்சான அமோனியா பூச்சியம் காட்டிய பிறகே திருக்கை.

வலையில் வருவதெல்லாம் தொட்டிக்கு ஆகாது. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளியோடு வால் நீண்டது குட்டியாக அழகாக இருக்கும், வளர்ந்தால் ஒரு மீற்றருக்கு மேல் அகலும். தூண்டில் விழுங்கியது, செட்டை கிழிந்தது வேண்டாம். வயிறு உப்பிய பெண்ணைக் கடலிலேயே விடச் சொல்லுங்கள், பிடிபட்ட அதிர்ச்சியில் குறைக்குட்டி போட்டுவிடும். சின்ன வகையில் மூன்று நாலு போதும். புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். தூக்கும்போது வாலையோ கண்ணுக்குப் பின்னாலுள்ள மூச்சுத் துளையையோ பிடிக்கக்கூடாது. தண்ணீரோடு சேர்த்துப் பேசினில் ஏந்துங்கள், முள்ளுக்கு ஒரு துண்டு றப்பர் குழாயை மாட்டிவிட்டால் போதும்.

சரி, முள். அதை நகம் வெட்டுவதுபோல் நுனிப்பக்கமாக வெட்டுவதுதான் தொடுதொட்டிகளில் வழக்கம். அடியோடு வெட்டினால் இரத்தம் கசியும், ஆகவே முதல் தடவை மிருகவைத்தியரை வைத்துச் செய்யுங்கள். ஒரே வாலில் இரண்டு முள் இருப்பதும் உண்டு. வெட்டியது திரும்ப வளரும், பழைய முள்ளுக்குக் கீழே புதியது முளைப்பதும் உண்டு. மாதம் ஒருமுறை பார்க்காவிட்டால் வெட்டியதில் பயனில்லை. மேலிருந்து அமுக்கினால் அது வாலை வீசும். அதனால் பிள்ளைகள் விரித்த கையால் செட்டை ஓரத்தைத் தடவலாம், வால், கண், மூச்சுத் துளை ஆகாது. தொட வருகிறவர்கள் வெயில் கிறீம், எண்ணெய் எல்லாம் போகக் கையை நன்றாகக் கழுவி, சவர்க்காரம் மிஞ்சாமல் அலசிவிட்டு வர வேண்டும், தொட்ட பிறகும் கழுவ வேண்டும். தொட்டியில் பாதி இடம் யார் கையும் எட்டாததாக இருக்கட்டும். வயிற்றுப்பக்கம் சிவந்தாலோ, செட்டை ஓரம் மேலே சுருண்டாலோ, தீன் எடுக்காவிட்டாலோ அன்றைக்குத் தொடுதல் இல்லை, ரிக்கெற் விற்றிருந்தாலும் சரி.

யாருக்காவது குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள். அந்த நஞ்சு சூட்டில் கெடும். 45 பாகைக்கு மேற்படாத சுடுதண்ணியில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை அமிழ்த்துங்கள். காயப்படாத கையை விட்டுச் சூட்டைப் பார்த்த பிறகுதான் அமிழ்த்த வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி, ஏற்பு ஊசியும் உள்ளே முறிந்த துண்டு இருக்கிறதா என்ற சோதனையும் தேவை. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறிய முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

வலைக்காரரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன் மட்டக்களப்பு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கும் நக்டாவுக்கும் (நீருயிரின வளர்ப்பைப் பார்க்கும் அரச அதிகார சபை) போய், உயிரோடு பிடிக்கவும் காட்சிக்கு வைக்கவும் என்ன அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.