கரூ குளிரும் மலைப்பாதைப் பனியும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் இருபத்தாறு வருடம் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கும், கரூ என்கிற வறண்ட உள்நாட்டு மேட்டுநிலம் வழியாக கேப் டவுனுக்கும் லாரி ஓட்டியவன் நான். குளிர்காலத்தில் மேட்டுநிலம் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு தம்பி: அண்ணா, ஜூலையில் குடும்பத்தோடு கரூவில் இருக்கிற சதர்லாந்து ஊருக்குப் போகிறோம். கரூ வறண்ட பூமி. அங்கே எப்படி அவ்வளவு குளிர்?

வறண்ட பூமி என்பதால்தான் தம்பி. சதர்லாந்து கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,450 மீட்டர் உயரம். காற்றில் ஈரம் இல்லை, மேகமும் குறைவு. பகலில் தரை வாங்கிய சூடு, பொழுது சாய்ந்ததும் தடுக்க ஆளில்லாமல் வானத்துக்குப் போய்விடும். டர்பனில் ஈரக்காற்று போர்வை மாதிரி நம்மை மூடியிருக்கிறது. அங்கே அந்தப் போர்வை கிடையாது. தெளிந்த வானம் வேண்டும் என்றுதான் சால்ட் என்கிற பெரிய தொலைநோக்கியை அந்த ஊருக்குப் பக்கத்து மேட்டில் நிறுவினார்கள். நட்சத்திரம் பார்க்க உதவுகிற அதே வானம்தான் ராத்திரியில் நம்மை உறைய வைக்கிறது.

பனி வருவது வேறு வழியில். தென்கடலிலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வரும். சில சமயம் அதன் மேலடுக்கில் ஒரு குளிர்ந்த தாழ்வழுத்தம் தனியே பிரிந்து, நகராமல் சுற்றிக்கொண்டு நிற்கும். கடலின் ஈரமும் அதோடு சேர்ந்துவிட்டால் மலை முழுக்க வெள்ளைதான். தங்கும் வீட்டில் கரி அடுப்பு கொடுத்தால் அறைக்குள் வைக்காதே. இதைத் திரும்பவும் சொல்வேன்.

சாட்ஸ்வர்த், ஒரு அம்மா: மகன் அடுத்த வாரம் என்-3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகிறான். பனி விழுமா?

அம்மா, அதை வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கையில்தான் பார்க்க வேண்டும். கிளம்புகிற அன்று காலையிலும் பாருங்கள். நம் ஊரிலேயே ஓர் அறிகுறி உண்டு. குளிர்காலத்தில் திடீரென்று சித்திரை வெயில் போல மலைப்பக்கத்திலிருந்து சூடான வறண்ட காற்று அடிக்கும். பெர்க் காற்று என்பார்கள். மேட்டுநிலக் காற்று கீழே இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது. பெரும்பாலும் அதன் பின்னாலேயே குளிர்முகப்பு வரும். டர்பனில் சட்டை உடம்பில் ஒட்டாத வறண்ட சூடு என்றால், என்-3 மலை ஏறுகிற வான் ரீனன் கணவாயைப் பற்றி யோசியுங்கள்.

செப்டம்பர் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றும் இருக்காதீர்கள். 2024 செப்டம்பர் 20 இரவு தொடங்கிய பனியில் அந்தக் கணவாய்ப் பக்கம் சாலையை மூடினார்கள். எத்தனையோ பேர் வண்டிக்குள்ளேயே ராத்திரியைக் கழித்தார்கள்.

லெனேசியா, ஒரு தங்கை: பிள்ளைகளுக்குப் பனி காட்ட வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலேயே விழுமா?

அபூர்வம். 2012 ஆகஸ்டில் விழுந்தது, அப்புறம் 2023 ஜூலை 10 அன்று. காத்திருக்க முடியாது தங்கச்சி.

நியூகாசல், ஒரு தம்பி: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. நான் புதிதாக ஓட்ட வந்தபோது கடற்கரை ஓட்டம்தான். டர்பனில் குழாய்த் தண்ணீர் ஊற்றியே பழக்கம். ஒரு ஆகஸ்டில் கரூவில் லூட்ஸ்பெர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் மிடில்பர்க்கில் வண்டியை நிறுத்தித் தூங்கினேன். காலையில் எஞ்சின் பிளாக்கில் கை நகம் நுழையும் அளவு விரிசல். தண்ணீர் உறைந்தால் பெருக்கும், இரும்பும் தாங்காது. முதலாளி நாலு மாதச் சம்பளத்தில் பிடித்தார். உறைதடுப்புத் திரவம் கலந்தே ஊற்றுங்கள். கண்ணாடியில் ஐஸ் பிடித்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

ஃபீனிக்ஸ், ஒரு அண்ணன்: இந்த வாரக் கடைசியில் பனி உண்டா?

சாட்ஸ்வர்த் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

போர்ட் எலிசபெத், ஒரு ஐயா: எல்லாரும் சதர்லாந்து என்கிறீர்கள். நாட்டிலேயே அதிகக் குளிர் எங்கள் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில்தான்.

பதிவான எண்ணைச் சொன்னால் நீங்கள் சொல்வது சரி ஐயா. 2013 ஆகஸ்ட் 23 அன்று மோல்ட்டனோ பக்கம் பஃபெல்ஸ்ஃபொன்டெய்ன் பண்ணையில் மைனஸ் 20.1 பாகை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி மறுபடியும்: அது ஒரு பண்ணை, அண்ணா! என் மாமா சதர்லாந்தில் வேலை பார்த்தவர். ஊர் என்றால் சதர்லாந்துதான்.

சதர்லாந்தில் 2003 ஜூலையில் மைனஸ் 16.4 வரை போயிருக்கிறது. ஆள் குடியிருக்கும் ஊருக்கு அது கடுங்குளிர், மறுக்கவில்லை. ஆனால் காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் நின்றால் சூடு சில பாகை கூடுதலாக இருக்கும். அதனால் ஊரைவிட, கருவி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதே ஐயா: இரண்டு இடத்திலும் பனி விழுகிற அன்றுதானே அதிகக் குளிர்?

இல்லை ஐயா. இதைத்தான் எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள். பனி விழும்போது மேகம் மூடியிருக்கிறது, சூடு வெளியே போகாது. பெய்து ஓய்ந்து, காற்று அடங்கி, வானம் கழுவி விட்டது போல இருக்கும் பாருங்கள், அந்த இரவுதான் பொல்லாதது. தரையின் சூட்டை மேலே வர விடாமல் பனியே தடுக்கும். உருகிய தண்ணீர் சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகும்.

ஐயா விடவில்லை: நான் லேடி கிரேயில் பனியில் நின்றவன். நடுங்கியது அன்றைக்குத்தான்.

நம்புகிறேன். அது காற்றின் வேலை. ஈர உடம்பின் சூட்டைக் காற்று பறித்துக்கொண்டு போகும். வெப்பமானிக்கு அந்த நடுக்கம் தெரியாது, உங்கள் ரேடியேட்டருக்கும் தெரியாது. காற்றடிக்கிற பகலில் ஆளுக்கு ஆபத்து, தெளிந்த இரவில் வண்டிக்கும் சாலைக்கும் ஆபத்து.

டொங்காட், ஒரு தங்கை: பாட்டிக்கு மூட்டுவலி. கூட்டிப்போகலாமா?

டாக்டரைக் கேளுங்கள் அம்மா.

வெருலம், ஒரு தம்பி: வாரக் கடைசியில் பனி வருமா அண்ணே?

மூன்றாவது முறை. எச்சரிக்கையைப் பார், தம்பி.

லேடிஸ்மித், ஒரு அக்கா: பனியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். மலை ஏறும் முன்னே டாங்கியை நிரப்பி, கம்பளி, தண்ணீர், ரொட்டி, டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை இடையிடையே கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் முதலில் புகைக்குழாய் வாயில் சேர்ந்த பனியைத் தள்ளிவிட்டு, காற்றடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் திறந்து வையுங்கள். குழாய் அடைந்தால் புகை உள்ளே வரும். அறைக்குள் வைத்த கரி அடுப்பிலிருந்து வருவதும் அதே கார்பன் மோனாக்சைடுதான். வாசனை கிடையாது. தூக்கம் வருவது போல இருக்கும், தூங்கினால் எழ மாட்டீர்கள். தலை வலித்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்துவிடுங்கள்.