பட்டியலில் பெயர் சேர்க்கக் காசு எதற்கு?

கேள்வி: எனக்கு 63 வயது. கிரீன் கார்டு வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. நியூஜெர்சி எடிசனில், தெரிந்தவர் வீட்டு பேஸ்மென்ட்டில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். ஒரு கடையின் சமையலறையில் பகுதி நேர வேலை, மாதம் 1,800 டாலர் வருகிறது. செக்‌ஷன் 8 வாடகை உதவிப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி நம் ஊர்க்காரர் ஒருவர் 450 டாலர் கேட்டார். 150 கொடுத்துவிட்டேன். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கொடுத்தேன். மீதியைக் கொடுக்கலாமா? கும்பகோணத்தில் என் பெயரிலும் அண்ணன் பெயரிலும் சேர்ந்து ஒரு வீடு இருக்கிறது. அதைச் சொன்னால் உதவி கிடைக்காது, மறைத்துவிடுங்கள் என்கிறார். உண்மையா?

பதில்: அம்மா, மீதி 300 டாலரைக் கொடுக்காதீர்கள். வீட்டையும் மறைக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பதற்குள் அவர் இன்னொரு முறை போன் செய்தாலும் செய்வார்.

செக்‌ஷன் 8 விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. பெயர் சேர்க்க, வரிசையில் முன்னே நகர்த்த, ‘ஸ்பெஷல் கோட்டா’வில் நுழைக்க என்று யார் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. பணம் மத்திய அரசின் வீட்டு வசதித் துறையிலிருந்து வருகிறது. அதை நடத்துவது அந்தந்த ஊர், கவுண்டி அல்லது மாநில வீட்டு வசதி ஆணையம். நியூஜெர்சியில் ஊர் ஆணையங்களோடு, மாநிலத்தின் சமூக விவகாரத் துறையும் தனியாக ஒரு வவுச்சர் (வாடகை உதவிச் சீட்டு) திட்டம் நடத்துகிறது. இவற்றுக்கு நடுவில் தரகருக்கு இடமே இல்லை.

ஆனால் அம்மா, 150 டாலர் போனதுகூட எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த விண்ணப்பத்தில் யாருடைய தொலைபேசி எண், யாருடைய மின்னஞ்சல், எந்த வீட்டு முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கவலை. இந்த ஆட்கள் பெரும்பாலும் தங்கள் மின்னஞ்சலையே போடுகிறார்கள். அப்போதுதானே நாளைக்கும் நீங்கள் அவர்களிடம் போய் நிற்பீர்கள்! ஆணையம் இடையிடையே ‘இன்னும் உங்களுக்கு உதவி வேண்டுமா?’ என்று கேட்டுப் பட்டியலைச் சுத்தம் செய்யும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி ஏழு வருடம் காத்திருந்தவர். கடிதம் தரகரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது, அவரும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தார். பெயர் போயிற்று. நாங்கள் எவ்வளவு எழுதியும் திரும்பச் சேர்க்கவில்லை. ஏழு வருடம் ஒருவரைக் காக்க வைத்த அலுவலகம், அவர் பதில் சொல்லத் தந்தது இரண்டே வாரம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதனால் இன்றே அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஆணையத்தில் விண்ணப்பித்தீர்கள்? உறுதிப்படுத்தும் எண் என்ன? எண் கொடுத்தால் அந்த ஆணையத்தை நீங்களே அழைத்து, முகவரியையும் தொடர்பு எண்ணையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். போனில் சொன்னதோடு விடாமல் எழுத்திலும் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லை என்று மழுப்பினால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் மூடியிருக்கும்போதே காசு வாங்கிக்கொண்டு ‘போட்டாச்சு’ என்று சொல்கிறவர்களும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் வெளியே போய்விட்டதால், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி, உங்கள் கிரெடிட்டை முடக்கி வையுங்கள். 2018 முதல் அதற்கும் கட்டணம் இல்லை.

இணையத்தில் தேடும்போதும் கவனம் வேண்டும். ‘செக்‌ஷன் 8 விண்ணப்பம்’ என்று தேடினால் மேலே வரும் பல தளங்கள் அரசுடையவை அல்ல. கழுகுப் படமும் கொடியும் போட்டுவிட்டு 30, 40 டாலர் கேட்கும். மத்திய வீட்டு வசதித் துறையின் தளத்திலேயே மாநில வாரியாக ஆணையங்களின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்து நேரே கூப்பிடுங்கள்.

சரி, உங்களுக்குத் தகுதி இருக்கிறதா? இருக்கிறது. கிரீன் கார்டு போதும், குடியுரிமை தேவையில்லை. (எச்1பி, மாணவர், சுற்றுலா விசாக்களில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.) தனி ஆள் என்றாலும் ‘குடும்பம்’ என்ற கணக்கில் வருவீர்கள். வருமானம் பொதுவாக அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், புதிதாகத் தரும் வவுச்சர்களில் நான்கில் மூன்று மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. மாதம் 1,800 வாங்கும் நீங்கள் அந்தப் பிரிவில் வருவீர்கள். வவுச்சர் கிடைத்தால், சில கழிவுகள் போக உங்கள் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் நீங்கள் கட்டுவீர்கள். கழிவுகளைச் சேர்க்காமல் பார்த்தாலே அது 540 டாலர்தான். மிச்ச வாடகையை ஆணையம் வீட்டுக்காரருக்கு நேராகக் கொடுத்துவிடும்.

இப்போது கும்பகோணம் வீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 2016-ல் வந்த ஒரு சட்டம் சொத்துக்கு வரம்பு வைத்தது. நிகரச் சொத்து 1 லட்சம் டாலரைத் தாண்டினாலும் (இந்தத் தொகை ஆண்டுதோறும் கொஞ்சம் உயரும்), குடியிருக்கத் தகுந்த வீடு ஒன்று உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் வாழும் உரிமையும் விற்கும் உரிமையும் உங்களுக்கு இருந்தாலும் உதவி இல்லை. இந்தச் சட்டத்தை ஆணையங்கள் படிப்படியாகத்தான் நடைமுறைக்குக் கொண்டுவருகின்றன. தரகர் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். ஆனால் அதே விதியில் விலக்குகளும் இருக்கின்றன, அவர் அவற்றைப் படித்திருக்க மாட்டார்.

கூட்டாக உரிமை உள்ள வீட்டில், உங்களோடு வசிக்காத மற்ற உரிமையாளர் குடியிருந்தால், அந்த வீட்டைக் காரணம் காட்டி உங்களை விலக்கக் கூடாது. உங்கள் அண்ணன் அங்கேயே வசிக்கிறாரா? அப்படியானால் இந்த விலக்கு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. அவர் அங்கே வசிக்கவில்லை, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்றாலும் இன்னொரு வழி உண்டு. வேலைக்குப் போய்வர முடியாத தொலைவில் உள்ள வீடு ‘தகுந்த வீடு’ ஆகாது. அதை முடிவு செய்வது ஆணையம். எடிசனில் வேலை பார்க்கிறவருக்குக் கும்பகோணம் எந்தக் கணக்கில் பக்கம்? அப்புறம் மதிப்பு. உங்கள் பங்கை உங்களால் சட்டப்படி விற்க முடியாத நிலை இருந்தால், பாகப்பிரிவினை வழக்கு ஓடிக்கொண்டிருப்பது போல, அந்த வீட்டின் மதிப்பைச் சொத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விற்க முடியும் என்றால் கூட்டுச் சொத்தின் முழு மதிப்பையும் ஆணையம் கணக்கில் எடுக்கும், உங்கள் பங்கு மட்டும்தான் உங்கள் கைக்கு வரும் என்று நீங்கள் ஆதாரத்தோடு காட்டினால் அந்தப் பங்கின் மதிப்பு மட்டும் வரும். எனவே பத்திர நகல், பட்டாவில் இரண்டு பேர் பெயரும் இருக்கும் பக்கம், அண்ணன் அங்கே வசிப்பதற்கு மின் கட்டண ரசீது, இவற்றை அண்ணனிடம் சொல்லி இப்போதே வாங்கி ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். வாடகையில் உங்கள் பங்கு வருகிறதென்றால் அது வருமானம். ஊர் வங்கியில் வைப்புத்தொகை இருந்தால் அது சொத்து. இரண்டையும் எழுத வேண்டும்.

உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு விளக்கக் கடிதத்தோடு முடியும் விஷயம் இது. மறைத்து, பிறகு தெரிந்தால், கொடுத்த உதவியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வவுச்சரும் போகும். படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், தரகர் அல்ல.

காத்திருப்பைப் பற்றி உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இந்த நாட்டில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. நியூயார்க் நகரம் ஏறக்குறைய 15 ஆண்டுகள் மூடி வைத்திருந்த பட்டியலை 2024 ஜூனில் ஒரே ஒரு வாரம் திறந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், குலுக்கலில் 2 லட்சம் பேர் பட்டியலில் ஏறினார்கள். வவுச்சர் அல்ல, பட்டியலில் இடம் மட்டும்! முதியவர்களை ஒரு வாரம் கணினி முன் ஓடவிட்டு, பிறகு வருடக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்க்க வைக்கும் இந்த முறையை யாராவது மாற்ற வேண்டும்.

அதுவரை ஒரே வரிசையில் நிற்காதீர்கள். அந்த ஊரில் குடியிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று எந்த ஆணையமும் நிபந்தனை போட முடியாது, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை மட்டும் தரலாம். எடிசன், உட்பிரிட்ஜ், நியூ பிரன்ஸ்விக் என்று பக்கத்தில் உள்ள ஆணையங்கள், மாநிலத் துறை எல்லாவற்றிலும் பட்டியல் எப்போது திறக்கும் என்று கேட்டு வையுங்கள். முதியோருக்கு முன்னுரிமை உண்டா என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, 62 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே மானியக் குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு அந்தந்தக் கட்டடத்தின் அலுவலகத்திலேயே தனிப் பட்டியல். அது வவுச்சரைவிட முன்னதாக வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கே இருக்கின்றன என்று கேட்க 211 என்ற எண்ணை அழைக்கலாம், இலவசம்.

எந்த அலுவலகமாவது உங்களை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மறுபரிசீலனை கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்பதால்தான் இந்த ஆளிடம் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆணையத்தை அழைத்ததும், “ஐ நீட் எ தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்” என்று மட்டும் சொல்லுங்கள். பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரைப் போனில் இணைப்பார்கள், அதற்கும் நீங்கள் காசு தர வேண்டியதில்லை. சில நேரம் பத்து நிமிடம் பிடிக்கும். இணைப்பைத் துண்டித்துவிடாமல் காத்திருங்கள்.