கேளுங்க சொல்றோம்: போட்டோவுல உயரம் தெரியுமா?

கேள்வி: அன்டார்க்டிகா பனியோட உயரத்தை சாட்டிலைட் போட்டோ வச்சே கண்டுபிடிக்கறாங்களாமே? மேலருந்து எடுத்தா எல்லாம் தட்டையாத்தானே தெரியும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஒரே ஒரு போட்டோன்னா நீங்க சொல்றது சரிதான். அதனாலதான் ஒரே இடத்தை ரெண்டு கோணத்துல எடுக்கறாங்க. ஒரு கண்ணை மாத்தி மாத்தி மூடி விரலைப் பாருங்க, விரல் நகர்ற மாதிரி இருக்கும்ல, கிட்ட இருக்கறது அதிகமா நகரும், தூரத்துல இருக்கறது கம்மியா, மேலருந்து பாக்கறப்ப மேடு கிட்ட, பள்ளம் தூரம், அந்த வித்தியாசத்தை வச்சு கம்ப்யூட்டர் உயரத்தைக் கணக்கு பண்ணிடும். 2005ல நம்ம ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து போன கார்ட்டோசாட்-1 சாட்டிலைட்ல முன்னாடி சாய்ஞ்சு ஒரு கேமரா, பின்னாடி சாய்ஞ்சு ஒரு கேமரா வச்சதே இதுக்குத்தான். அன்டார்க்டிகாவுக்கு வேர்ல்ட்வியூ சாட்டிலைட் படங்களை வச்சு 'ரீமா'ன்னு ஒரு உயர மேப் 2018ல வந்துச்சு, யார் வேணா ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம்.

ஆனா பனியில இது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. ரெண்டு படத்துலயும் அதே புள்ளி எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கணும், எல்லாமே வெள்ளைவெளேர்னு இருந்தா எதைப் பிடிக்கறது? காத்து அரிச்ச வரி வரியான மேடு, பனி வெடிப்பு, இதுங்கதான் கைகொடுக்கும், அதுவும் சூரியன் தாழ்வா இருந்து நிழல் நீளமா விழுந்தா இன்னும் நல்லா தெரியும். மேகம் வந்தா போச்சு. குளிர்காலத்துல வெளிச்சமே கிடையாது. இவ்வளவுக்கு அப்புறமும் வர்ற உயரம் சில மீட்டர் மேல கீழ இருக்கலாம், அதை லேசர், ரேடார் அளவோட ஒப்பிட்டு சரி பண்றாங்க. 2018ல போன ஐஸ்சாட்-2 சாட்டிலைட் செகண்டுக்கு 10,000 தடவை பச்சை லேசரை அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை அளக்குது, ரொம்ப துல்லியம், ஆனா அது போற கோட்டுல மட்டும்தான், நடுவுல இருக்கற இடத்தைக் காட்ட போட்டோதான் வேணும்.

கேள்வி: எங்கயோ இருக்கற பனி, நமக்கென்ன?
– வாசகர், காசிமேடு

பதில்: உங்க ஏரியாவுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். கிரீன்லாந்து பனி முழுசா உருகினா கடல் சராசரியா 7 மீட்டருக்கு மேல ஏறும், நாளைக்கே நடக்கப்போறதில்ல, ஆனா வருஷா வருஷம் உயரம் எவ்வளவு குறையுதுன்னு பாத்தாதான் எவ்வளவு கடலுக்குப் போகுதுன்னு தெரியும். இன்னொண்ணு, அவ்வளவு பெரிய பனி தன்னோட ஈர்ப்பால கடல் தண்ணியைத் தன் பக்கம் இழுத்து வச்சிருக்கு. பனி குறைஞ்சா அந்த இழுப்பும் குறையும், அங்க பக்கத்துல கடல் மட்டம் இறங்கும், தண்ணி தூரமா இருக்கற நம்ம மாதிரி கரைங்க பக்கம் வரும், சராசரியை விட கொஞ்சம் கூடவே.