மீசோ சூப்பும் அம்மாவின்ர நாக்கும்

வணக்கம் அக்கா,

வெள்ளவத்தையில எங்கட லேன் முனையில புதுசா ஒரு ஜப்பான் ரெஸ்டோரண்ட் திறந்திருக்கு. போன வெள்ளிக்கிழமை அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனன். அம்மா வெள்ளிக்கு மரக்கறி, அதால அவவுக்கு மரக்கறி டெம்புராவும் மீசோ சூப்பும் எடுத்தம். ரெண்டு வாய் குடிச்சிட்டு "இதுக்க மாசி கிடக்கு பிள்ளை" எண்டு தள்ளி வச்சிட்டா. பரிமாறின பொடியனைக் கேட்டா, மீனே இல்லை, சோயாதான் எண்டுறார். இதுக்க தம்பி வேற சூஷியைக் கையால எடுத்துச் சாப்பிட, பக்கத்து மேசையில பாத்தவை, எனக்கு வெக்கமாப் போச்சு. ஆர் சரி அக்கா?

ஒரு வாசகி


தங்கச்சி,

அம்மாதான் சரி. அவவின்ர நாக்குக்கு ஒரு கும்பிடு போடோணும்.

மீசோ எண்டுறது சோயாவைப் புளிக்க வச்ச களி, அது மரக்கறிதான், பொடியன் பொய் சொல்லேல்ல. ஆனா அந்தக் களியைக் கரைக்கிற தண்ணி வெறும் தண்ணி இல்லை, தாஷி எண்டு ஒரு சாறு. வழமையா அது கொம்பு எண்ட கடற்பாசியிலயும் கட்சுவோபுஷியிலயும் எடுக்கிறது. கட்சுவோபுஷி என்னெண்டா எங்கட சூரை மீன், மீன்கடையில பலயா எண்டு விக்கிறாங்களே அதுதான், அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரிக் காய வைக்கிறது. மாசியும் அதே மீன், கிட்டத்தட்ட அதே வேலைதான். நாங்கள் உரலில இடிச்சுச் சம்பலுக்குப் போடுறம், அவை சீவுளியில மெல்லிசாச் சீவி, சுடுதண்ணியில போட்டு வடிச்சுப்போட்டு, சக்கையை எடுத்திடுவினம். கோப்பைக்குள்ள ஒரு துண்டு மீனும் கண்ணில படாது, பிறகு பரிமாறுற பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?

அதால "மீன் இருக்கா" எண்டு கேக்காதேங்கோ, "தாஷி எதில போட்டது" எண்டு குசினியில கேட்டுச் சொல்லச் சொல்லுங்கோ. டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தாற சோஸிலயும் அனேகமா அதே தாஷிதான், மரக்கறியைத் தோய்ச்சுப் பொரிக்கிற மாவில முட்டையும் சேர்க்கிறவை, ரெண்டையும் கேளுங்கோ. கொம்பிலயும் காய்ஞ்ச ஷிடாக்கே காளானிலயும் மட்டும் தாஷி போடலாம், ஜப்பான் பௌத்த கோயில் சமையல் அப்பிடித்தான். அது ருசியில குறைஞ்சது எண்டு நினைச்சிடாதேங்கோ, 1908இல இகெடா கிகுனாயே எண்ட விஞ்ஞானி ருசி குடுக்கிற குளூட்டமேட் எண்ட பொருளைப் பிரிச்சு எடுத்ததே இந்தக் கொம்பில இருந்துதான், உமாமி எண்டு அந்த ருசிக்குப் பேர் வச்சவரும் அவர்தான்.

தம்பி செய்ததில ஒரு பிழையும் இல்லை, ஜப்பானிலயே நிகிரி எண்டுற, சோத்து உருண்டைக்கு மேல மீன் வச்ச சூஷியைக் கையால சாப்பிடுறவை நிறையப் பேர். ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ, சோயா சோஸில சோத்துப் பக்கத்தைத் தோய்க்காம, திருப்பி மீன் பக்கத்தைத் தொடச் சொல்லுங்கோ. சோறு சோஸைக் குடிச்சா உப்புக் கரிச்சு, கையிலயே உதிர்ந்துபோகும். சோறு சாப்பிடுற கைக்கு வெக்கப்படுறதுக்கு நாங்கள் ஆரும் பிறக்கேல்ல தங்கச்சி.

கடைக்காரரிட்டயும் ஒருக்கா ஆறுதலாக் கதையுங்கோ. வெள்ளவத்தையில கடை திறந்தா வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் வருவினம்தானே, மெனுவில எதெது மீன் தாஷி எண்டு ஒரு அடையாளம் போட்டா அவைக்கும் நல்லம், புதுக்கடை, கேட்டாச் செய்வினம். அதுவரைக்கும் வெள்ளியில அம்மாவுக்கு வெள்ளரிக்காய் ரோல் எடுத்துக் குடுங்கோ. சூப்பை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் குடிக்கச் சொல்லுங்கோ, அவவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.