கப்பலில் ஏறும்போது யார் கார்டை நீட்டுவது?

கேள்வி: எனக்கு 42 வயது. மதுரையில் ஒரு தனியார் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 74,000 ரூபாய். வீட்டுக் கடன் 21,000, வீட்டுச் செலவு 32,000, மகள் படிப்பு 7,000, கிரெடிட் கார்டுக்கு 8,000 போக 6,000 மிஞ்சும். மாமனார், மாமியாரின் 40ஆவது திருமண நாளுக்காக டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் 4 இரவுக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். நாங்கள் மூன்று பேர், மாமனார், மாமியார், மச்சினனும் அவன் மனைவியும் என்று மொத்தம் 7 பேர். விமானம், விசா, இன்சூரன்ஸ், ஒரு இரவு ஹோட்டல் எல்லாம் சேர்த்து ஏஜெண்ட் சொன்ன தொகை 4,85,000. முன்பணம் 90,000 என் கார்டில் கட்டிவிட்டேன். அதில் ஏற்கெனவே 1,35,000 பாக்கி இருக்கிறது. மச்சினன், "நீங்க போட்டுடுங்க மாமா, அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்" என்கிறான். மீதிக்கு 16 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு 4 லட்சம் டிராவல் லோன் எடுக்கலாமா, கார்டிலேயே ஈ.எம்.ஐ. ஆக மாற்றலாமா? வங்கியில் 2,60,000 டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. தீபாவளி போனஸ் 40,000 துணிமணிக்கும் பெட்டிக்கும் ஒதுக்கியிருக்கிறோம். முதல் கப்பல் பயணம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்றும் சொல்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.

பதில்: லோனா, ஈ.எம்.ஐ.யா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வட்டி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 1,35,000 பாக்கியை நீங்களே பிரித்து எழுதியிருந்த இடம். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசச் சாப்பாடு 48,000. கொடைக்கானல் காட்டேஜில் அவன் பங்கு 14,000. மாமியாரின் கண் ஆபரேஷனில் அவன் தருவதாகச் சொன்ன பாதி 20,000. மொத்தம் 82,000. உங்கள் பாக்கியில் பாதிக்கு மேல் அடுத்தவர் செலவு. "எல்லாம் வந்துடும் சார்" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிரகப்பிரவேசம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கப்பல் இல்லை. எல்லோருக்கும் முன்னால் நீங்கள் கார்டை நீட்டிவிடுகிறீர்கள், பிறகு கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். இந்தப் பழக்கம்தான் காரணம்.

அது என்ன விலை என்று பாருங்கள். கார்டில் இப்போது 1,35,000, அதோடு முன்பணம் 90,000, ஆக 2,25,000. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி சுமார் 7,900, அதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,300. நீங்கள் கட்டும் 8,000 வட்டிக்கே போதாது. இன்னொன்று, பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகச் செய்யும் செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. முன்பணத்துக்குக் கட்டிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

டிராவல் லோன் கணக்கு: 4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 19,600. உங்களிடம் மிஞ்சுவது 6,000. மீதி 13,600 எங்கிருந்து வரும்? மறுபடி கார்டிலிருந்துதான். வட்டி மட்டும் 70,000. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் அதுவும் வரியும் சேர்ந்து இன்னொரு 9,000க்கு மேல். "டிராவல் நவ், பே லேட்டர்", "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ." என்று எந்தப் பெயரில் வந்தாலும் எனக்கு இவற்றின் மேல் பொறுமை இல்லை. நான்கு இரவு உல்லாசத்துக்கு இரண்டு வருடம் தவணை கட்ட வைப்பதை ஒரு வசதி என்று விற்கிறார்கள். அந்த ஏஜெண்ட் அடுத்து ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் கப்பல் ரொம்ப ஆபத்தான இடம். முதல் தடவை போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கப்பலுக்குள் ரொக்கத்துக்குப் பெரும்பாலும் வேலை கிடையாது. ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான், பர்ஸும் அதுதான். காபியோ பீரோ, மசாஜோ, மாடிப்படியில் நிற்கவைத்து எடுக்கும் குடும்பப் போட்டோவோ, அட்டையை நீட்டினால் முடிந்தது. அந்தச் செலவெல்லாம் அறைக் கணக்கில் ஏறி, அந்த அறையோடு இணைத்த கிரெடிட் கார்டில் போய் விழும். செக்-இன் செய்யும்போது ஒரே கார்டை மூன்று அறைகளுக்கும் இணைக்க முடியும். மச்சினன் பக்கத்தில் நின்று "மாமா, உங்க கார்டையே குடுத்துடுங்க, ஈஸியா இருக்கும்" என்பான். நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஐந்து நாளும் அந்தக் குடும்பத்தில் யார் எதைக் கேட்டாலும் பில் உங்களுக்கு.

அது எவ்வளவு ஆகும்? அமெரிக்க டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்றால் 7 பேருக்கு 4 நாளில் 504 டாலர், ஏறக்குறைய 45,000 ரூபாய். ஏஜெண்ட் சொன்ன 4,85,000க்குள் இது இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. வைஃபை ஒரு போனுக்கு நாளுக்கு 20 டாலர் என்றால் மூன்று போனுக்கு 21,600. இரண்டு துறைமுகங்களிலும் கப்பல் நடத்தும் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 60 டாலர் வீதம் போட்டால் 75,600. குளிர்பானம், தனி ரெஸ்டாரண்ட், போட்டோ என்று 20,000. மொத்தம் 1,60,000க்கு மேல். அதன் மேல் வெளிநாட்டுப் பணத்தில் செலவழிப்பதற்குக் கார்டு வங்கி பிடிக்கும் மார்க்-அப் கட்டணம், அதற்கு வரி என்று சுமார் 4 சதவீதம், இன்னொரு 6,500. இந்தச் செலவில் டிப்ஸ் தவிர மற்றதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் டெபாசிட்டை உடையுங்கள். ஆமாம், தொட மனம் வராத அதே டெபாசிட்டைத்தான். அங்கே கிடைப்பது வருடத்துக்கு 6, 7 சதவீதம். இங்கே கொடுப்பது 42. முன்கூட்டி உடைப்பதற்கு வங்கி வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ குறைக்கும், குறைத்துவிட்டுப் போகட்டும். 2,25,000 எடுத்துக் கார்டை முழுக்க அடைத்துவிடுங்கள். கையில் 35,000தான் இருக்கும். அது போதாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன்: டிசம்பர் வேண்டாம், மே மாதத்துக்குத் தள்ளுங்கள்.

மொத்தச் செலவில் மச்சினன் தம்பதியின் பங்கு ஏழில் இரண்டு, சுமார் 1,39,000. பெற்றோர் செலவை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டால் இன்னும் 69,000. அவன் தர வேண்டியது 2,08,000. உங்களுடையது 2,77,000, அதில் 90,000 கட்டியாயிற்று, மீதி 1,87,000. உங்கள் அறைக்கும் பெற்றோர் பங்குக்குமான டிப்ஸ் 26,000 சேர்த்தால் 2,13,000 வேண்டும். கார்டு அடைந்தபின் மாதம் 14,000 மிஞ்சும், எட்டு மாதத்தில் 1,12,000. போனஸில் 28,000. பழைய பாக்கி 82,000 வந்தால் மொத்தம் 2,22,000. இழுத்துப் பிடித்தால் சரியாக வரும், ஒரு ரூபாய் கடன் இல்லாமல். கப்பல் கம்பெனிக்கான மீதிப் பணத்தைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்பார்கள் என்பதால் முதலில் சேரும் பணம் அதற்குப் போகட்டும், விமானமும் ஹோட்டலும் அதற்கடுத்து. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜெண்ட் டி.சி.எஸ். பிடிப்பார், அதாவது விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி. வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பியும் வரும். ஆனால் கட்டும் நாளில் அந்தப் பணமும் கையில் இருந்தாக வேண்டும்.

82,000 வராவிட்டால்? அப்போது இந்தப் பயணம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழைய 82,000ஐத் தராதவர் புதிய 2,08,000ஐத் தருவார் என்று நம்பி ஏறாதீர்கள். மச்சினன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஒரு தடவைகூடத் தேதி போட்டுக் கேட்டதில்லை, அவனுக்கு இது அவசரம் என்றே தெரியாமல் இருக்கலாம். வீட்டில் மனைவியிடம் முதலில் பேசிவிட்டு, அவனுக்கு நேராகப் போன் போடுங்கள். "தம்பி, கார்டுல வட்டி ஏறுது, பழைய 82,000ஐ இந்த மாசத்துக்குள்ள அனுப்பிடு. உன் ரூமை உன் பேர்லயே தனியா புக் பண்ணிக்க" என்றால் போதும். மூன்று அறைகளையும் தனித்தனி புக்கிங்காக வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜை ஒன்றாகக் கிடைக்கும்படி இணைக்கச் சொல்லலாம். செக்-இன் அன்று அவன் அறைக்கு அவன் கார்டு. உங்கள் அறையில் மகளின் அட்டையில் செலவு ஏறாதபடி வரவேற்பு கவுண்டரில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

இனி பெட்டி. போனஸில் 12,000க்கு மேல் இதற்குச் செலவழிக்காதீர்கள். உறவினர்கள் யாரிடமாவது பெட்டி இருக்கும், கேட்டு வாங்குங்கள். விருந்து இரவுக்குக் கோட்டு சூட்டெல்லாம் தைக்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ போதும். பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையை விடவா ஒரு கவுன் எடுத்துக் காட்டிவிடும்? வாங்கியே ஆக வேண்டியது நீச்சல் உடை. சுடிதார், பருத்தி டிரவுசரோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். கடைசியில் கப்பல் கடையில் டாலரில் வாங்க வேண்டிவரும். உள்ளே ஏ.சி. குளிர் அதிகம், மாமியாருக்கு ஒரு சால்வை.

இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். தீ பயத்தால் கப்பலில் அனுமதி கிடையாது, ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சமைத்த சாப்பாடும் பொதுவாகக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இந்தியச் சாப்பாடும் சைவமும் வழக்கமாகக் கிடைக்கும், முன்பதிவிலேயே சொல்லிவையுங்கள். மசாலா டப்பா கட்டும் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: கசகசா சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாத பொருள். சூயிங் கம்மும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை இருந்தால் அந்த ஊர் அனுமதி தேவையா என்று முன்பே பாருங்கள்.

ஏறும் நாளில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட், மாமனாரின் பிரஷர் மாத்திரை, மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுத்துணி, நீச்சல் உடை எல்லாம் தோள் பையில் இருக்கட்டும். கடைசி இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கான துணியை எடுத்துக்கொள்ளாமல் பெட்டியை வைத்துவிட்டு இரவு உடையோடு இறங்கத் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

கப்பல் கிளம்பியதும் எல்லா போனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் தாறுமாறாக ஏறும். 4 நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வைஃபை போதும், அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. துறைமுகத்தில் கரை சிக்னல் கிடைக்கும்.

பினாங்கில் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றால் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இறங்குகிறீர்கள். நடந்தே லிட்டில் இந்தியா, குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயில், தெருவுக்குத் தெரு தமிழ்க் கடைகள். 7 பேருக்கு 37,800 ரூபாய் மிச்சம். புக்கெட்டில் ஊர் தள்ளி இருக்கும், சில சமயம் சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டியிருக்கும். வயதானவர்களோடு போவதால் அங்கே மட்டும் கப்பல் சுற்றுலாவை யோசிக்கலாம். அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள்.

சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்பே போய்த் தங்கும் அந்த ஹோட்டல் செலவை மட்டும் குறைக்காதீர்கள். விமானம் தாமதமானால் 4,85,000மும் போய்விடும். கப்பல் வெளியே போய்த் திரும்புவதால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் மாதத்தில் மறுபடி சரிபாருங்கள். இன்சூரன்ஸில் கப்பல் பயணம் என்ற சொல்லும், மாமனாரின் பிரஷர் பற்றிய தகவலும் இருக்கிறதா என்று படியுங்கள். கப்பல் டாக்டர் கட்டணம் டாலரில், நடுக்கடலிலிருந்து ஒருவரை இறக்க வேண்டிவந்தால் லட்சங்களில்.

ஏஜெண்டிடம் தேதி மாற்றம் பற்றி நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாற்ற முடியாது, முன்பணமும் திரும்பாது என்று சொன்னால் அதற்காக மீதி 3,95,000ஐக் கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள். 90,000 போனாலும் பரவாயில்லை. ரசீதோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், அவர்கள் விதிமுறைகளை வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.