கிழவி என்றால் உடையவள்

அன்புள்ள ஐயா,
என் தாத்தாவுக்கு 93 வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் ‘தொண்டு கிழம்’ என்கிறார்கள். ஊருக்குத் தொண்டு செய்து ஓய்ந்தவர் என்று பொருள் என்கிறான் நண்பன். சரியா? ‘கிழம்’ அசிங்கமாகப் படுவதால் நான் ‘மூத்த குடிமகன்’ என்றே சொல்கிறேன்.
கி., தஞ்சாவூர்

அன்புள்ள கி.,

நண்பர் சொல்வதை விட்டுவிடுங்கள். இங்கே தொண்டு என்றால் பழமை. ‘தொண்டுதொட்டு வந்த வழக்கம்’ என்கிறோமே, அந்தத் தொண்டு.  எனக்குப் பழமைதான் சரியென்று படுகிறது.

ஆனால் ‘கிழம்’ அசிங்கம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கிழமை என்றால் உரிமை. சனிக்கு உரிய நாள் சனிக்கிழமை. கிழவன் என்றால் உடையவன். தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்று வருகிறவர்கள் காதலிக்கிற இளசுகள். என்றும் இளையவனான முருகனை ‘மலைகிழவோனே’ என்று சொல்லித்தான் திருமுருகாற்றுப்படை முடிகிறது. ‘செல்லான் கிழவன் இருப்பின்’ என்ற குறளில் கிழவன் நிலத்துக்காரன். அவன் போய்ப் பார்க்காமல் வீட்டிலேயே கிடந்தால், நிலம் பெண்டாட்டியைப் போல ஊடிவிடுமாம்.

என் அப்பத்தா ஒருநாளும் நிலத்தை ஊடவிட்டதில்லை. தொண்ணூறு தாண்டி, பார்வை மங்கிய பிறகும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவாள். வரப்பில் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிசைவாள். “நாளைக்குத் தண்ணி கட்டணும்” என்பாள்.

பட்டா வேலையாக அவளை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கைரேகை விழவில்லை. களை பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த விரல். நாலு தடவை வைத்துப் பார்த்தாள். மேசையில் இருந்தவர் என்னிடம், “இந்தக் கிழத்தை எதுக்குய்யா இழுத்துட்டு வந்தே?” என்றார். நிலம் அவள் பேரில் இருந்தது. அந்த அறையில் கிழவி என்ற சொல்லுக்கு உரியவள் அவள் ஒருத்திதான். அன்று எனக்கு இது தெரியாது, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் விரலை முந்தானையில் துடைத்துவிட்டு ஐந்தாவது தடவையாக வைத்தாள்.

சொல்லை மாற்றினால் மரியாதை வந்துவிடுமா தம்பி? ‘மூத்த குடிமகன்’ படிவத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக் காரியம் ஒன்றில் தாத்தாவிடம் கடைசியாக எப்போது யோசனை கேட்டீர்கள்? தஞ்சாவூர் என்கிறீர்கள், அவருக்கு வயல் ஏதாவது இருக்கும். ஒரு ஆட்டோ பிடித்து, வரப்பு வரைக்குமாவது கூட்டிப் போய் வாருங்கள்.