வின்சாட்டில் 9.1, 9.3: லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். லேப்டாப்பில் இன்டெல் ஐ5 1235யு, 16 ஜிபி ராம். காரைக்குடிக் கடையில் ஐ5 12400 போட்ட டெஸ்க்டாப் பார்த்தேன். இரண்டிலும், மெஷினின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் விண்டோஸின் வின்சாட் சோதனையை ஓட்டியதில் சிபியு மதிப்பெண் லேப்டாப்புக்கு 9.1, டெஸ்க்டாப்புக்கு 9.3. இந்த 0.2-க்காகப் புது மெஷின் வாங்கலாமா?

பதில்: உங்கள் வேலைக்கு டெஸ்க்டாப் வாங்கலாம். ஆனால் அந்த 0.2-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். உண்மையான வித்தியாசத்தை அது காட்டவே இல்லை.

வின்சாட் மதிப்பெண் 2007-இல் விஸ்டாவோடு வந்தபோது உச்சவரம்பு 5.9. விண்டோஸ் 7-இல் அது 7.9 ஆனது, விண்டோஸ் 8-இல் 9.9. இன்றைய நல்ல சிபியுக்கள் பெரும்பாலும் 9-ஐத் தாண்டிய அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே 0.2 என்பது 2 சதவீதம் ஆகாது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருக்கும் அளவைப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் winsat formal என்று (நடுவில் ஓர் இடைவெளி விட்டு) தட்டினால் சோதனை ஓடும். லேப்டாப் சார்ஜரில் இருக்க வேண்டும். முடிவில் கம்ப்ரெஷன், என்க்ரிப்ஷன் வரிகளில் விநாடிக்கு இத்தனை எம்பி என்று வருகிறதே, ஒப்பிட வேண்டியது அதைத்தான். கேமிங் மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். விண்டோஸ் 10, 11-இல் எந்த மெஷினுக்கும் அது 9.9 என்றுதான் வரும்.

அந்த எம்பி கணக்கும் பாதி உண்மைதான். காரணம் உங்கள் இரண்டு சிபியுக்களுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் 12-ஆம் தலைமுறை ஐ5, இரண்டுக்கும் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைச் சரடுகள்), இரண்டுக்கும் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். பெட்டியில் படித்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 12400-இல் இருப்பவை ஆறு முழுபல கோர்கள் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்). 1235யு-வில் முழுபல கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறு கோர்கள். எல் 3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) அங்கே 18 எம்பி, இங்கே 12. எல்லாவற்றையும்விட முக்கியம் வாட், அதாவது சிபியு எடுக்கும் மின்சாரம். 12400-இன் அடிப்படை 65 வாட், டர்போவில் (முழு வேகத்தில் ஓடும்போது) 117 வரை போகும். 1235யு-வின் அடிப்படை 15 வாட், டர்போவில் 55 வரை.

லேப்டாப்பால் அந்த 55 வாட்டைத் தொடர்ந்து தாங்க முடியாது. பொதுவாக அரை நிமிடம் போல முழு வேகத்தில் ஓடிவிட்டு, தயாரிப்பாளர் வைத்திருக்கும் தொடர் வரம்புக்கு இறங்கிவிடும். சில மாடல்களில் அந்த வரம்பு 15 வாட், சிலவற்றில் 25-க்கு மேல். ஒரே சிபியு போட்ட இரண்டு லேப்டாப்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுவது இதனால்தான். வின்சாட்டின் ஒவ்வொரு சிபியு சோதனையும் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது, அதாவது லேப்டாப் மூச்சு வாங்குவதற்கு முன்பே. உங்கள் மூன்று மணி நேர முகூர்த்த வீடியோ எக்ஸ்போர்ட் அப்படி முடிவதில்லை.

ஆகவே நீளமாக ஓட்டக்கூடிய சோதனை வேண்டும். ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும், இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பிலேயே பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது. இரண்டு மெஷினிலும் ஒரே பதிப்பைப் போட்டு, டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க்கைத் திறங்கள். டிக்ஷனரி அளவு இரண்டிலும் 32 எம்பி. முதலில் த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்து ஓட்டுங்கள். இங்கே இரண்டும் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் வரும்; டேலி, பிரவுசர், ஆல்பம் டிசைன் போன்றவற்றுக்கு இந்த எண்தான் பெரிதும் பொருந்தும். பிறகு 12 என்று மாற்றி, பாஸ் (சோதனைச் சுற்று) எண்ணிக்கையைக் கூட்டி, பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பக்கத்தில் கிகாஹெர்ட்ஸைக் கவனியுங்கள். லேப்டாப்பில் முதல் நிமிடத்துக்குள் அது சரிவது கண்ணுக்கே தெரியும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். முதல் பாஸின் மொத்த ரேட்டிங்கையும் கடைசி பாஸின் ரேட்டிங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டியது இரண்டு மெஷினின் கடைசி எண்களை.

இதில் தவறு நேரும் இடங்கள் சில. லேப்டாப்பில் பவர் மோடு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக இருக்கட்டும். கூட வந்த சார்ஜரையே செருகுங்கள். குறைந்த வாட் டைப்-சி சார்ஜர் போட்டால் சிபியு தானே அடங்கிப்போகும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்று இருந்தால், 7-ஜிப்பின் கம்ப்ரெஸ்ஸிங் எண் குறையும். குறை அங்கே ராமில், சிபியுவில் இல்லை. 16 ஜிபியை 8-உம் 8-உமாகப் போட்டிருந்தால் நல்லது.

இன்னொன்று, நம்மூர் வெயில். கடையில் ஏசி ஹாலில் எடுத்த எண்ணும், சித்திரையில் மதியம் வளவை ஒட்டிய காற்றோட்டமில்லாத அறையில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. லேப்டாப் சோதனையை நீங்கள் வேலை பார்க்கும் அறையில், வேலை பார்க்கும் நேரத்தில் எடுங்கள். மெத்தை, துணி மேல் வைக்காதீர்கள். கடைசி எண் முதல் எண்ணைவிடப் பாதியாக விழுந்தால் ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம். சுத்தம் செய்து, சிபியுவின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றிய பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்கள், அதற்கு முன் முடிவெடுக்க வேண்டாம்.

பெஞ்ச்மார்க் சொல்லாத ஒன்றும் உண்டு. உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் எச்.264 (வழக்கமான வீடியோ வடிவம்) எக்ஸ்போர்ட்டுக்கு இன்டெலின் க்விக் சிங் என்ற வீடியோ வசதியைப் பயன்படுத்தினால், அந்த வேலையின் பெரும் பகுதி கோர்களுக்குப் போகாமல் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் உள்கிராபிக்ஸுக்குப் போகிறது. அங்கே 7-ஜிப் காட்டிய வித்தியாசம் சுருங்கலாம். அதனால் கலர் கரெக்ஷன், டைட்டில் எல்லாம் போட்ட ஐந்து நிமிட கிளிப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப்போய், கடை மெஷினில் அதே செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்து நேரம் பாருங்கள். டெஸ்க்டாப் கணிசமாக முந்தினால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் அந்தப் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடுவதே மேல்.

பில் போடுமுன் சிபியு பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 12400எஃப் என்று இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. க்விக் சிங் போய்விடும், திரையில் படம் வரவே தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியிருக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, டெஸ்க்டாப்புக்குக் கிடையாது என்பதால் யுபிஎஸ் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி கார்டு இல்லாத இந்த மெஷினுக்கு 600 விஏ (யுபிஎஸ்ஸின் திறன் அளவு) போதும். கரண்ட் போனால் சேவ் செய்து மூடுவதற்கு நேரம் கிடைக்கும்.